பார்க் தெருவில் எரிந்த பாவாடை

எக்கியார்குப்பத்துப் பக்கம் தெருக்கூத்தில் நான் முதன்முதலில் பார்த்த திரௌபதி ஓர் ஆண். மீசையை மழித்து, அரிதாரம் பூசி, திரைக்குப் பின்னால் நின்றபடியே பாட ஆரம்பித்துவிடுவார். இரண்டு பேர் பிடித்திருக்கும் அந்தத் துணி விலகும்வரை குரல் மட்டும்தான். பகலெல்லாம் உப்பளத்தில் உப்பு வாரிவிட்டு வந்தவர்கள்கூட அப்போது கண் அசரமாட்டார்கள்.

அந்தத் திரையோடு சேர்ந்து எனக்கு நினைவுக்கு வரும் இன்னொரு மேடை கல்கத்தாவில் இருந்தது. அங்கே போகும்போதெல்லாம் பார்க் தெருவில், செயின்ட் சேவியர் கல்லூரி வாசலுக்கு எதிரே நடைபாதையில் கொஞ்ச நேரம் நிற்பேன். அந்த ஊரில் எனக்குப் பிடித்த இடம் அதுதான். கல்லூரி இருக்கும் அந்த இடத்தில்தான் 1841 மார்ச்சில் சான் சூசி தியேட்டர் திறந்தது. அதை எழுப்ப முன்னின்றவர் நடிகை எஸ்தர் லீச்.

கல்கத்தாவின் ஆங்கில மேடைகளிலும் ஆரம்பத்தில் பெண்வேடம் ஆண்களுக்குத்தான். 1789-ல் எம்மா பிரிஸ்டோ தன் வீட்டிலேயே மேடை போட்டு நடித்தது கல்கத்தா வெள்ளையர்களுக்குப் பெரிய புதுமை. அவர் வசதியான வீட்டுப் பெண். எஸ்தர் அப்படியில்லை. 1809-ல் மீரட்டில் ஒரு சிப்பாயின் மகளாகப் பிறந்தவர். கல்யாணமும் படைக்காரரோடுதான். பாசறையில் சிப்பாய்கள் பொழுதுபோக்காக ஆடிய மேடையில் பழகியவர், 1826-ல் சௌரங்கி தியேட்டரில் லேடி டீசிலாக வந்து நின்றார். ஷெரிடன் நாடகத்தின் அந்தச் சீமாட்டி வேடத்தைக் கட்டியபோது வயது பதினேழு. 1839-ல் சௌரங்கி தியேட்டர் எரிந்துபோனது. அதன் பிறகு எழுந்ததுதான் சான் சூசி.

1843 நவம்பர் 2 இரவு. நாடகம் 'தி ஹேண்ட்சம் ஹஸ்பண்ட்'. எஸ்தர் மேடைக்குப் பக்கவாட்டில், மறைப்புக்குப் பின்னால், தன் முறைக்காகக் காத்திருக்கிறார். பக்கத்தில் எண்ணெய் விளக்கு. அந்தக் காலத்து மேடை வெளிச்சம் பெரும்பாலும் சுடர்தான். கால்வரை விரிந்த பாவாடைக்கு ஒரு திரும்பல் போதும். துணியில் தீ பிடித்தது. அடுத்து யார் வரப்போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்தின் எதிரிலேயே எரிந்தார். அந்த மாதமே உயிர் போய்விட்டது. வயது 34. அந்தக் காத்திருப்பை நினைத்தாலே எனக்கு எங்கள் கூத்துத் திரையும், அதற்குப் பின்னிருந்து வரும் குரலும்தான் நினைவுக்கு வரும்.

அன்று தியேட்டரே சாம்பலாகி, அந்தச் சாம்பலின் மேல்தான் கல்லூரி எழுந்தது என்று எழுதுகிறவர்கள் உண்டு. நான் ஒப்பமாட்டேன். 1848 ஆகஸ்டில் அதே சான் சூசியில்தான் பைஷ்ணவ் சரண் ஆட்யா என்ற வங்காளி ஒதெல்லோவாக நடித்தார். சாம்பலில் நின்றா நடித்தார்? கல்லூரி தொடங்கியது 1860-ல். எரிந்தது ஒரு பெண். அதைக் கட்டடம் எரிந்த கதையாக்கினால் அவர் இரண்டாம் முறையும் மறைந்துபோகிறார்.

சௌரங்கி தியேட்டரின் நினைவாவது தியேட்டர் ரோடு என்ற பெயரில் தங்கியிருந்தது. 1964-ல் அதையும் ஷேக்ஸ்பியர் சரணி ஆக்கிவிட்டார்கள். ஷேக்ஸ்பியரை யாரும் மறந்துவிடப் போவதில்லையே! எனக்கு ஆறவில்லை. பார்க் தெருவில் நான் நிற்கும் இடத்திலிருந்து எஸ்தரின் பெயர் எங்கும் கண்ணில் படவில்லை. வாசலோரம் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் நட்டால் போதும். அதில் செதுக்க வேண்டியது இவ்வளவுதான்: எஸ்தர் லீச், நடிகை, மீரட் 1809, கல்கத்தா 1843.