யாருடைய பை?

பொருளைத் தொலைத்தவன் படும் பாட்டைப் பற்றி நம் இலக்கியங்களில் நிறையவே இருக்கிறது. பிறர் பொருள் தன்னிடம் வந்து சேர்ந்துவிட்டவன் படும் பாட்டைப் பற்றித்தான் அதிகம் பேர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. தொலைத்தவனுக்கு இருப்பது ஒரே கவலை: போனது கிடைக்குமா, கிடைக்காதா? கிடைத்தவனுக்கோ கவலைகள் ஆயிரம். யாருடையது? எப்படி வந்தது? வைத்துக்கொண்டால் திருடன் என்பார்களோ? தூக்கி எறிந்தால் பாவம் அல்லவா?

காளிதாசன் இந்த விஷயத்தில் ஒரு விதிவிலக்கு. சகுந்தலை தொலைத்த மோதிரத்தை மீனின் வயிற்றிலிருந்து எடுத்த செம்படவனை, கைகளைக் கட்டிக் காவலர்கள் இழுத்து வருகிறார்கள். 'எங்கே திருடினாய்?' என்று வழியெல்லாம் மிரட்டுகிறார்கள். அரசன் மோதிரத்தின் மதிப்புக்குச் சமமான பரிசைக் கொடுத்து அனுப்புகிறான். செம்படவன் என்ன செய்கிறான் தெரியுமா? அதில் பாதியை அந்தக் காவலர்களுக்கே கொடுத்துவிடுகிறான். உடனே அவர்கள் அவனுக்கு உயிர்த் தோழர்களாகிவிடுகிறார்கள். எல்லோருமாகக் கள்ளுக்கடைக்குப் போகிறார்கள். உலகம் அன்றைக்கும் இன்றைக்கும் பெரிதாக மாறிவிடவில்லை.

அந்தச் செம்படவனின் சங்கடம் எனக்கும் ஒரு தடவை நேர்ந்தது. கும்பகோணத்தில் ஒரு நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டு நானும் என் மனைவியும் இரவோடு இரவாகச் சென்னை திரும்பினோம். மறுநாள் காலையில் காரைத் துடைக்கும்போது, முன் ஸீட்டுக்கும் பின் ஸீட்டுக்கும் இடையில், தாம்பூலப் பைகளுக்கு அடியில், ஒரு மஞ்சள் துணிப்பை இருந்தது.

"இது யாருதுங்க?" என்றாள் என் மனைவி.

"உன்னுடையது என்றல்லவா நினைத்தேன்!" என்றேன்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மாடி வீட்டு நண்பர் அந்தச் சமயம் பார்த்துத்தான் படியிறங்கி வந்தார். சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். எதையும் சந்தேகிப்பது அவருக்குச் சுபாவம்.

"சார், தொடாதீங்க! முதல்லே போலீசுக்குப் போன் பண்ணுங்க" என்றார், மூன்றாவது படியிலேயே நின்றபடி.

அவரைக் குறை சொல்வதற்கில்லை. 1985 மே மாதத்தில் டில்லியில் பஸ்களிலும் பொது இடங்களிலும் டிரான்ஸிஸ்டர் ரேடியோக்களுக்குள் வெடிகுண்டுகளை வைத்துவிட்டுப் போனார்கள். கேட்பாரற்றுக் கிடந்த ரேடியோவைக் கையில் எடுத்தவர்கள் மாண்டார்கள். அதன் பிறகு வளர்ந்தவர்களுக்கு, கேட்பாரற்ற பொருள் என்றாலே நெஞ்சு படபடக்கிறது. ரயில் நிலையத்து ஒலிபெருக்கியும் அதையே ஓதிக்கொண்டிருக்கிறது.

இதே காவிரிக் கரையில் வேறொரு காலமும் இருந்தது. புகார் நகரத்துப் பண்டக வெளியைப் பற்றி இளங்கோவடிகள் சொல்கிறார். பொதிகளின்மேல் உடையவரின் பெயரும் குறியும் பொறித்திருக்குமாம். வாயிலும் இல்லை, தாழும் இல்லை, காவலாளும் இல்லை. எவனாவது ஒரு பொதியைத் திருடினால், அதை அவன் தலையில் ஏற்றிச் சுற்றிச் சுற்றி வரச் செய்யுமே தவிர, கொண்டுபோக விடாதாம் அந்த வெள்ளிடை மன்றம். புகார் நகரத்தார் கேட்பாரற்ற மூட்டையைக் கண்டு பயப்படவில்லை. அதைத் தொட நினைப்பதற்குத்தான் பயந்தார்கள்.

நானும் நண்பரும் இப்படி விவாதித்துக்கொண்டிருக்கையில், என் மனைவி பையை எடுத்துத் திண்ணையில் வைத்துப் பிரித்தே விட்டாள்.

உள்ளே இருந்தவை இவை: மடித்த பழைய நூல் புடவை ஒன்று, எவர்சில்வர் சம்புடத்தில் புளிச்சோறு, ஒரு காது ஒடிந்து, அந்த இடத்தில் பச்சை நூல் சுற்றிய மூக்குக் கண்ணாடி, பாதி தீர்ந்த மாத்திரை அட்டைகள் இரண்டு, அவற்றின்மேல் மருந்துக் கடைக்காரர் பேனாவால் எழுதிய 'கா', 'இ' என்ற எழுத்துக்கள், கைக்குட்டையில் முடிந்த 4,200 ரூபாய், ஒரு சின்ன நோட்டுப் புத்தகம். பெயர் எங்கும் இல்லை. செல்போனும் இல்லை.

வெடிகுண்டு இல்லை என்று தெரிந்ததும் மாடி நண்பர் கீழே இறங்கி வந்து சட்டம் பேச ஆரம்பித்தார். அதிலும் அவர் கெட்டிக்காரர். கண்டெடுத்த பொருளைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டவன், அடைக்கலமாக ஒப்படைக்கப்பட்ட பொருளைக் காப்பது போல் அதைக் காக்க வேண்டும் என்கிறது 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 71வது பிரிவு. பாதுகாக்க ஆன செலவை உடையவர் கொடுக்கும் வரையில் பொருளை நிறுத்தி வைத்துக்கொள்ளலாமாம். அது கெட்டுப்போகக் கூடியதாக இருந்தால், சில நிபந்தனைகளின்பேரில் விற்றுவிடவும் செய்யலாமாம்.

"புளிச்சோற்றை யாரிடம் விற்பது?" என்றேன்.

நண்பர் சிரிக்கவில்லை. "உடையவர் யாருன்னு கண்டுபிடிக்க நியாயமான முயற்சி எடுக்காம நீங்க வச்சுக்கிட்டாத்தான் குற்றம்" என்று மேலே போனார். அதுவும் சரிதான். 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 403வது பிரிவில் இதற்கு அழகான உதாரணங்கள் உண்டு. பாதையில் யாருடையதென்று தெரியாத ஒரு ரூபாயை எடுத்தவன் குற்றவாளி அல்ல. ஆனால் நோட்டு வைத்த கடிதத்தைக் கண்டெடுத்து, யாருடையதென்று கடிதத்திலிருந்து அறிந்த பிறகும் நோட்டை எடுத்துக்கொண்டவன் குற்றவாளி. 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து அந்தப் பழைய சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சம்ஹிதை வந்துவிட்டது. இந்த விஷயம் அதில் 314வது பிரிவு. எண் மாறியது, தர்மம் மாறவில்லை.

நாங்கள் சட்டத்தில் மூழ்கியிருந்தபோது, என் மனைவி நோட்டுப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். கோணல் மாணலான எழுத்து. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு தேதி, ஒரு மண்டபத்தின் பெயர், 'கூலி' என்று ஒரு தொகை. கீழே பால், மருந்து, பேத்தி பள்ளிக்கூடம் என்று செலவுகள்.

"இது விருந்தாளி பை இல்லைங்க. சமையல்கட்டு ஆளோடது. மாத்திரை இல்லாம அந்த அம்மா என்ன பண்றாங்களோ?" என்றாள்.

அந்தக் கேள்வி எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

உடனே கல்யாண வீட்டு நண்பருக்குப் போன் செய்து, அவர் மூலம் சமையல் காண்டிராக்டரைப் பிடித்தோம். "எங்க ஆளுங்க யாரும் பை காணோம்னு சொல்லலீங்களே" என்றார் அவர். பச்சை நூல் சுற்றிய கண்ணாடியைச் சொன்னதும், "அட, நம்ம பாத்திரம் தேய்க்கிற அம்மாவோடதுங்க!" என்று கூவினார். விஷயம் விளங்கிவிட்டது. சமையல் ஆட்களை ஏற்றிப்போக வந்ததும் வெள்ளைக் கார். எங்களுடையதும் வெள்ளைக் கார். மண்டபத்து வாசலில் வெயிலுக்காகக் கதவுகளைத் திறந்து வைத்து நின்ற கார்கள் ஏழெட்டு இருந்தன. 'வெள்ளைக் காரிலே வை' என்று யாரோ சொன்னார்கள். அந்த அம்மாள் வைத்தாள்.

சிறிது நேரத்தில் அந்த அம்மாளே போனில் வந்தாள். தொலைந்த பொருளைக் கேட்டு வருபவனிடம் அதன் உருவத்தையும் எண்ணிக்கையையும் கேட்டுச் சரிபார்த்த பிறகே அரசன் கொடுக்க வேண்டும் என்கிறது மனு ஸ்மிருதி. நானும் அரசனைப் போலத் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். கேள்வி கேட்க அவள் இடம் கொடுக்கவில்லை.

"கண்ணாடி உடையாம இருக்குதுங்களா, ஐயா?" என்பதுதான் அவளுடைய முதல் பேச்சு. பணத்தைப் பற்றி நானாகச் சொன்ன பிறகுதான், "ஆமாங்க, அதுவும் இருந்துச்சு" என்றாள். மாத்திரையின் பெயரைக் காண்டிராக்டரிடம் எழுத்துக் கூட்டிச் சொன்னேன். அங்கேயே வாங்கிக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டார். பை அன்றிரவே ஊருக்குத் திரும்பும் ஓர் உறவினர் பையனுடன் பஸ் ஏறியது.

"காணோம் என்று யாரிடமும் ஏன் அம்மா சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்: "சொன்னா, கூட வேலை செய்யற பொண்ணுங்க பையையெல்லாம் கொட்டிப் பார்ப்பாங்க ஐயா. புதுசா ஒண்ணு வந்திருக்கு, சின்னப் பொண்ணு. அது மேலேதான் பழி போடுவாங்க. போனது பணம்தானே, சம்பாதிச்சுக்கலாம்னு இருந்துட்டேன்." பிறகு, "புளிச்சோறு நாளைக்கு வரைக்கும் தாங்குங்க. வீணாக்காம நீங்க சாப்பிட்டுடுங்க" என்றாள்.

4,200 ரூபாய் அவளுக்கு ஆறு கல்யாணத்துப் பாத்திரம். நோட்டில் கணக்கு இருந்தது.

கண்டெடுத்தவன் எப்படி நடக்க வேண்டும் என்று மனுவும் சொன்னார், ஆங்கிலேயரும் சட்டம் எழுதினார்கள். தொலைத்தவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நம் வீடுகளில் ஒரு மோதிரம் காணாமல் போனால், அலமாரியைத் தேடுவதற்கு முன்னால் வேலைக்காரியின் முகத்தைத் தேடுகிறோம். பிறகு அது குளியலறை மாடத்திலேயே அகப்படும். மோதிரம் திரும்பி விரலுக்கு வந்துவிடும். அவள் இழந்த நல்ல பெயரைத் திருப்பிக் கொடுக்க யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. ஞாபகம் வந்தாலும் வழி தெரிவதில்லை. பாத்திரம் தேய்க்கிற அந்த அம்மாளுக்கு இது தெரிந்திருந்தது. எந்தப் பக்கம் நின்று தெரிந்துகொண்டிருப்பாள் என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் தேவையில்லை.