சூப்பர் கம்ப்யூட்டருக்கு என்ன தண்ணீர் ஊற்றுவது?

கணினியும் தண்ணீரும் பரம எதிரிகள் என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கீபோர்டில் டீ கொட்டியவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்! ஆனால் காரைக்கால் மீனவருக்குப் புயல் வருகிறது என்று கணித்துச் சொல்லும் கணினிக்குள்ளே இராப்பகலாகத் தண்ணீர் ஓடுகிறது என்றால் நம்புவீர்களா?

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தது. காரைக்காலில் உள்ள வானிலை ராடார் அதைக் கவனித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ராடாருக்கு எட்டுவது சில நூறு கிலோமீட்டர். புயல் நடுக்கடலில் இருக்கும்போதே அது எந்தப் பக்கம் திரும்பும் என்று கணக்குப் போட்டால்தான் கிளிஞ்சல்மேட்டுக்காரர் படகை மேலே ஏற்ற முடியும். இன்று அந்த மாதிரிக் கணக்கைப் போடுபவை புனேயில் உள்ள 'அர்கா', நொய்டாவில் உள்ள 'அருணிகா' என்ற இரண்டு சூப்பர் கம்ப்யூட்டர்கள். 2024 செப்டம்பர் 26 அன்று தொடங்கி வைக்கப்பட்டவை. அர்காவின் வேகம் 11.77 பெட்டாஃப்ளாப், அருணிகாவுக்கு 8.24. ஒரு பெட்டாஃப்ளாப் என்றால் நொடிக்கு 1 போட்டு 15 சைபர் சேர்த்த அளவு கணக்குகள். செய்து கொடுத்தது எவிடென் என்ற பிரெஞ்சு நிறுவனம். (1954இல் காரைக்காலை விட்டுப் போனவர்கள் இப்படியும் ஒரு வழியில் திரும்பி வந்திருக்கிறார்கள்!)

இவ்வளவு கணக்குப் போட்டால் சூடு பிறக்காமல் இருக்குமா? மின்விசிறி போதாது. ஒரே கன அளவு காற்றைவிடத் தண்ணீர் சுமார் 3,500 மடங்கு வெப்பத்தைச் சுமக்கும். அதனால் பிராசஸரின் மேலேயே ஒரு செப்புத் தகடு வைத்து, அதற்குள் தண்ணீரை ஓட விடுகிறார்கள். இந்த வகைத் தகடுகளுக்குள் இருக்கும் வாய்க்கால்கள் தலைமுடிப் பருமன்தான் இருக்கும். காவிரிக் கடைமடைக்காரர்களுக்கு வாய்க்கால் தூர்ந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. தகட்டில் அடைப்பு விழுந்தால் சூடு ஏறும், பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும், முன்னறிவிப்பு தாமதமாகும். நாளைய புயலை நாளை மறுநாள் சொல்லி என்ன பயன்?

அப்படியானால் எந்தத் தண்ணீர் ஊற்றுவது? காரைக்கால் கடற்கரைப் பக்கத்து போர் தண்ணீரை நினைத்தே பார்க்க வேண்டாம், உப்பு. கேன் தண்ணீர்? ஆர்.ஓ. இயந்திரம் உப்பைக் குறைக்குமே தவிர முழுதாக எடுத்துவிடாது. சரி, சுத்தமோ சுத்தமான காய்ச்சி வடித்த நீர்? இங்கேதான் வேடிக்கை. சுத்த நீர் காற்றில் உள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு லேசான அமிலமாகிவிடும், பிஎச் 5.6 வரைகூட இறங்கும். போகிற வழியில் செம்பையும் கரைத்து எடுத்துக்கொள்ளும். ஆக, 'சுத்தமான நீர்' வேறு, 'சரியான நீர்' வேறு.

அதனால் அதில் மருந்து சேர்க்கிறார்கள். செம்பு அரிக்காமலிருக்க பென்சோட்ரையசோல், பாசியும் பாக்டீரியாவும் வளராமலிருக்கக் கிருமிக்கொல்லி. பல இடங்களில் 25 சதவீதம் புரோப்பிலீன் கிளைக்கால் கலந்த திரவத்தையே பயன்படுத்துகிறார்கள். அந்த அளவில் கிருமிகள் பெருகாது. ஆனால் 'கொஞ்சம் தண்ணி கலந்தா என்ன' என்று நீர்த்துவிட்டால் அதே கிளைக்கால் கிருமிகளுக்குச் சாப்பாடாகிவிடும்! இரண்டு கம்பெனித் திரவங்களைக் கலப்பதும் ஆபத்து. உள்ளே இருக்கும் மருந்துகள் ஒத்துப்போகாமல் கசடு படியலாம்.

காரைக்கால் மீன்பிடித் துறைமுகத்து மெக்கானிக்குகளுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். பல விசைப்படகு இன்ஜின்களில் உள்ளே ஓடுவது நல்ல தண்ணீர். அதைக் குளிர்விப்பது கடல் தண்ணீர். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும், கலக்காது. சூப்பர் கம்ப்யூட்டரிலும் அதே ஏற்பாடுதான்: பிராசஸரைத் தொடும் திரவம் தனிச் சுற்று, கட்டடத்தின் தண்ணீர் தனிச் சுற்று, நடுவே சூட்டை மாற்றிவிடும் ஒரு கருவி. படகில் கடல் தண்ணீர் பக்கம் ஒரு துத்தநாகத் துண்டு பொருத்தியிருப்பார்கள். வேறு வேறு உலோகங்கள் ஒரே நீரில் இருந்தால் ஒன்று அரித்துப் போகும் என்பதால், செம்புக்குப் பதில் துத்தநாகம் அரிக்கட்டும் என்று. கணினிக்குள் அப்படித் தியாகம் செய்ய ஆள் கிடையாது. ஆகவே செம்பு ஓடும் சுற்றில் அலுமினியத்தைச் சேர்க்காமல் இருப்பதே வழி. வீட்டில் கேமிங் கணினிக்குத் தாமே குழாய் போடுகிறவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். விலை குறைவு என்று அலுமினிய ரேடியேட்டரை வாங்கிவிடுகிறார்கள்.

பராமரிப்பு என்பது பெரும்பாலும் கணக்கு எழுதுகிற வேலை. அவ்வப்போது ஒரு சிறு பாட்டிலில் திரவம் எடுத்து பிஎச், மின்கடத்தல், கலங்கல், செம்பின் அளவு, கிருமி எண்ணிக்கை எல்லாம் பார்க்க வேண்டும். ஒரு முறை பார்த்த எண் எதையும் சொல்லாது. போன முறை எண்ணுக்குப் பக்கத்தில் வைத்தால்தான் பேசும். செம்பு ஏறிக்கொண்டே போனால் எங்கோ தகடு கரைகிறது. பிஎச் இறங்கினால் மருந்து தீர்ந்துகொண்டிருக்கிறது அல்லது கிருமி வேலையைத் தொடங்கிவிட்டது. எந்தத் தேதியில் எத்தனை லிட்டர் புதிதாக ஊற்றினோம் என்பதும் ஏட்டில் ஏற வேண்டும். மூடிய சுற்றில் அடிக்கடி ஊற்ற வேண்டியிருந்தால் கசிவு இருக்கிறது என்றுதானே பொருள்?

காமர்ஸ் பாஷையில் சொன்னால் இது சின்னச் செலவு. தகட்டையும் பிராசஸரையும் மாற்றுவது பெரிய செலவு. ஆனால் பட்ஜெட் சுருங்கும்போது முதலில் வெட்டுவது என்னவோ இந்தச் சின்னச் செலவைத்தான். பரிசோதனையைத் தள்ளிப்போட்டால் முதல் ஆறு மாதம் ஒன்றுமே நடக்காது போலத்தான் இருக்கும்.

மாற்றிய பழைய திரவத்தை என்ன செய்வது என்று ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. சாக்கடையில் ஊற்றக்கூடாது. அதில் கரைந்திருக்கும் செம்பு மிகச் சிறிய அளவிலேயே மீன்களுக்கு நஞ்சு. கழிவு எடுக்கும் உரிமம் பெற்றவர்களிடம்தான் அதை ஒப்படைக்க வேண்டும்.