பத்து வருஷச் சொந்தம்

1990-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் பூன் லே ரயில் நிலையம் திறக்கப்பட்டது; அதற்கு இரண்டு மாதம் முன்பாக, கார் வைத்துக்கொள்ளும் உரிமையையே ஏலத்தில் எடுக்க வேண்டும் என்னும் சிஓஇ முறை, அதாவது வாகன உரிமைச் சான்றிதழ் முறை, சிங்கப்பூரில் அமலுக்கு வந்தது; இவ்விரண்டுக்கும் நடுவே, ஜூன் மாதத்தில், இருபது வயதுப் பையனாகிய நான் இந்த வட்டாரத்துப் பட்டறை ஒன்றில் ஒரு சீனத் தவுக்கேயிடம், அதாவது முதலாளியிடம், ஸ்பானர் பிடிக்கச் சேர்ந்தேன். அன்று முதல் இன்று வரை என் ஜீவனம் பூன் லேக்கும் துவாஸுக்கும் இடைப்பட்ட தொழிற்பேட்டை வீதிகளிலேயே நடந்து வருகிறது. பழுது பார்ப்பதுதான் என் தொழில், ஆனால் வருஷங்கள் ஏற ஏற, பழுது பார்க்கச் சொல்லி வருகிறவர்களைவிட, "அங்கிள், எந்தக் கார் எடுக்கலாம்?" என்று யோசனை கேட்டு வருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள்.

கேட்கிறவர் யாராயிருந்தாலும் அவர் மனத்தில் மூன்று ஆசைகள் இருக்கும். ஓட்டுவதற்கு இன்பமாயிருக்க வேண்டும். நடுவழியில் கைவிடாமலிருக்க வேண்டும். பெட்ரோல் குறைவாய்க் குடிக்க வேண்டும். இம்மூன்றும் ஒரே வண்டியில் அமைவது அபூர்வம் என்று தரகர்களும் சொல்லுவார்கள், நண்பர்களும் சொல்லுவார்கள். நான் அப்படிச் சொல்வதில்லை. "உங்கள் தினசரிப் பாதை எது? எத்தனை மணிக்குப் புறப்படுகிறீர்கள்? கூட யார் யார் ஏறுவார்கள்?" என்று கேட்பேன். காரைப் பற்றிக் கேட்க வந்தவரிடம் பாதையைப் பற்றிக் கேட்கிறானே என்று சிலர் முகம் சுளித்ததுண்டு. ஆனாலும் மற்ற நாட்டுக்காரனுக்கு இல்லாத ஒரு நிர்ப்பந்தம் நமக்கு இருக்கிறபடியால், அந்தக் கேள்வியை விட்டுவிட்டு வேறு எங்கிருந்தும் தொடங்க எனக்குத் துணிவில்லை.

அந்த நிர்ப்பந்தம் பத்து வருஷக் கெடு. சிஓஇயின் ஆயுள் பத்து வருஷம். அது முடிந்தால் வண்டியைப் பதிவு நீக்கம் செய்துவிட வேண்டும், அல்லது அப்போதைய சராசரிப் பிரீமியத்தைக் கட்டி ஐந்து வருஷத்துக்கோ பத்து வருஷத்துக்கோ நீட்டித்துக்கொள்ள வேண்டும். 2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கான பிரீமியம் 1,06,000 வெள்ளியையும், பெரிய கார்களுக்கானது 1,50,001 வெள்ளியையும் தொட்டன. கணக்குக்கு எளிதாக ஒரு லட்சம் வெள்ளி என்றே வைத்துக்கொள்வோம். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும், புளோக்கின் கீழே நிழலில் நின்றாலும், நாளொன்றுக்கு 27 வெள்ளி கரைந்துகொண்டேயிருக்கிறது.

இப்போது பெட்ரோலைப் பார்ப்போம். வருஷத்துக்கு 15,000 கிலோமீட்டர் ஓடுகிற ஒருவர், லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டியை வைத்திருந்தால் 1,250 லிட்டர் ஊற்ற வேண்டும். 18 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டியானால் 833 லிட்டர் போதும். லிட்டர் 2 வெள்ளி 80 காசு என்று போட்டால், வருஷத்துக்கு மிச்சமாவது ஏறக்குறைய 1,170 வெள்ளி. நாளொன்றுக்கு மூன்று வெள்ளிக்குச் சற்று மேல். நாள்தோறும் 27 வெள்ளி தானாகக் கரைகிற ஊரில், மூன்று வெள்ளிக்காகப் பத்து வருஷம் பிடிக்காத வண்டியில் உட்கார்ந்திருப்பது எனக்குச் சம்மதமான காரியமாகத் தோன்றவில்லை. சிக்கனத்தை நான் இகழவில்லை. 2021 பிப்ரவரியில் பெட்ரோல் மீதான வரியை லிட்டருக்கு 10 காசும் 15 காசுமாக உயர்த்தியபோது பொருள் விநியோகம் செய்து பிழைக்கிறவர்கள் பட்ட சிரமத்தை நான் பிரத்தியட்சமாகக் கண்டவன். நாளுக்கு இருநூறு கிலோமீட்டர் ஓட்டிச் சம்பாதிப்பவனுக்குச் சிக்கனமே முதல் லட்சணம். வீட்டுக்கும் வேலைக்கும் போய்வருகிறவனுக்கு அது மூன்றாவதுதான்.

இந்தக் கணக்கை ஒப்புக்கொள்ளாதவர்கள் ஜொகூரின் மலிவுப் பெட்ரோலை நினைத்துக்கொள்கிறார்கள். 1998-இல் துவாஸ் இரண்டாம் இணைப்புப் பாலம் திறந்த பிறகு, பூன் லேக்காரனுக்கு மலேசியா பக்கத்து வீடு போலாகிவிட்டது. ஆனால் தாங்கியில் முக்கால் பங்கு பெட்ரோல் இல்லாமல் சிங்கப்பூர்க் கார் எல்லை தாண்டக் கூடாது என்னும் சட்டம் இருக்கிறது. அங்கே மலிவாக விற்கும் 95 ரக எண்ணெயையோ வெளிநாட்டு வண்டியில் ஊற்ற அனுமதி இல்லை. கால் தாங்கி லாபத்துக்காகச் சோதனைச் சாவடியில் இரண்டு மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டு நிற்பதில் மிச்சம் எங்கே இருக்கிறது?

நம்பகத்தின் அருமையை எனக்குப் புத்தி வரும்படி கற்பித்தவர் ஒரு வாலிபர். ஜூரோங் தீவில் ஷிப்ட் வேலை. விடிகாலை நாலரை மணிக்குப் புறப்பாடு. பழைய ஐரோப்பிய வண்டி ஒன்றைப் பிரியத்தோடு வாங்கி வந்தார். சிறிய எஞ்சின், டர்போ, இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ். விரைவுச்சாலையில் விட்டால் அம்பு. அந்த யந்திரத்தின் அமைப்பை நான் இன்றும் வியக்கிறேன். ஒற்றைப்படைக் கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக் கியர்களுக்கு ஒரு கிளட்ச். ஒன்று விடுகிற கணத்தில் மற்றது பிடித்துக்கொள்ளும். ஆகவே வேகம் அறுபடுவதேயில்லை. ஆனால் எண்ணெயில் முழுகாத உலர் கிளட்ச் வகையானால், மாலை நெரிசலில் ஆமையாய் ஊர்கிறபோது அது முழுதும் பிடிக்காமலும் முழுதும் விடாமலும் உராய்ந்துகொண்டே வரும். நம் ஊர் வெயிலும் அத்துடன் சேர்ந்தால் சூடு ஏறித் தேயும். வாலிபருடைய வண்டி காலையில் அம்பாய்ப் போய் மாலையில் ஊர்ந்து திரும்பியது. இரண்டாவது வருஷம் கியர்பாக்ஸ் நின்றுபோயிற்று. உதிரிப் பாகம் வந்து சேர மூன்று வாரம். 21 நாளும் அவர் டாக்சியில் போனார். சிஓஇயோ என் பட்டறை வாசலில் நின்றபடியே 567 வெள்ளி கரைந்தது. "அங்கிள், ஓட்டும்போது எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா?" என்று அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. அந்தச் சந்தோஷத்தை நான் பொய்யென்று சொல்லமாட்டேன். அந்தப் பாதைக்கு அந்த வண்டி இல்லை என்பதை வாங்குமுன் அவருக்குச் சொல்ல ஆளில்லாமற் போயிற்றே என்பதுதான் என் வருத்தம்.

அதற்கு நேர்மாறாக, பூன் லேயிலிருந்து சாங்கிக்கு வேலைக்குப் போகிற ஒரு தம்பதியர் வந்தார்கள். தீவின் மேற்கையும் கிழக்கையும் இணைக்கும் தீவு விரைவுச்சாலையின் நீளம் ஏறக்குறைய 43 கிலோமீட்டர்; அதில் பெரும் பகுதியைக் காலையிலும் மாலையிலும் கூட்டத்தோடு கடக்க வேண்டியவர்கள் அவர்கள். ஹைப்ரிட் எடுக்கச் சொன்னேன். 1997-இல் ஜப்பானில் டொயோட்டா பிரியஸை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, எஞ்சினும் மோட்டாரும் சேர்ந்தால் இரட்டிப்புத் தொல்லையல்லவா என்று என் தவுக்கே தலையை ஆட்டினார். நானும் அவருடன் சேர்ந்து ஆட்டினேன். பிரித்துப் பார்த்த பிறகு அபிப்பிராயம் மாறிற்று. அந்த அமைப்பில் தேய்வதற்குக் கிளட்ச்சே கிடையாது. ஒரு கிரகப் பற்சக்கரத் தொகுதி எஞ்சினையும் மோட்டாரையும் ஓயாமல் சமன்செய்துகொண்டிருக்கும். வேகத்தைக் குறைக்கும் வேலையில் ஒரு பங்கை மோட்டாரே ஏற்றுக்கொள்வதால் பிரேக் பேடுகள் நெடுநாள் வரும். நெரிசலில் எஞ்சின் அணைந்து கிடப்பதால் பெட்ரோலும் மிஞ்சும். விடிகாலையில் காலிச் சாலையில் ஒரே வேகத்தில் போகிறவருக்கு இந்த லாபத்தில் பெரும்பகுதி இல்லை. ஒரே வண்டி, ஒரே சாலை. புறப்படும் நேரம் மாறினால் தீர்ப்பும் மாறுகிறது. அந்தத் தம்பதியருக்கு நான் சொன்ன ஒரே எச்சரிக்கை, பின் ஆசனத்து ஓரத்தில் பாட்டரிக்குக் காற்று இழுக்கும் துவாரத்தைத் தலையணையாலோ பையாலோ மூடிவிட வேண்டாம் என்பது.

இனி இன்பத்துக்கு வருகிறேன். இதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல வேண்டியது அதிகம்.

மணிக்கு 90 கிலோமீட்டருக்கு மேல் எந்த விரைவுச்சாலையிலும் போகக் கூடாத ஒரு சின்னத் தீவில், இன்பத்தைக் குதிரைசக்தியில் தேடுவது வீண் என்பது என் உறுதியான கருத்து. 2014 முதல், 1,600 சிசிக்கும் 97 கிலோவாட்டுக்கும் உட்பட்ட வண்டிகளே சிறிய கார் வகுப்பில் சேரும் என்று விதி வந்தபோது, ரசனையே போயிற்று என்று பலர் அங்கலாய்த்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1989-இல் மாஸ்டா நிறுவனம் எம்எக்ஸ்-5 என்னும் இரண்டு ஆசன வண்டியை வெளியிட்டபோது அதன் எஞ்சின் 1,600 சிசிதான். எடை ஒரு டன்னுக்கும் குறைவு. குதிரையும் வீரனும் ஓருடல் என்று பொருள்படும் ஜப்பானியச் சொல்லொன்றை அதை வடித்தவர்கள் தங்கள் இலட்சியமாகக் கொண்டார்கள். ஸ்டீயரிங்கைத் திருப்பிய கணத்தில் மூக்கு திரும்புவதும், பிரேக்கை மிதித்த அளவுக்கு மட்டுமே வண்டி குனிவதும், ரோட்டின் செய்தி உள்ளங்கைக்கு வந்து சேர்வதும்தான் இன்பம். பூன் லே வேயில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போனாலும் அது கிடைக்கும்.

அந்த இன்பம் ஏன் நாளடைவில் மறைந்து போகிறது? என் பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர், "முன்ன மாதிரி இல்லண்ணே, வண்டி சலிச்சுப் போச்சு" என்று சொல்லிக்கொண்டே, புது வண்டி வாங்கும் உத்தேசத்தோடு வருகிறார்கள். வண்டியை மேலே தூக்கிப் பார்த்தால், எஞ்சினுக்கு ஒரு குறையும் இராது. லோயர் ஆர்ம் புஷ் வெடித்திருக்கும், எஞ்சின் மௌண்டிங் தொய்ந்திருக்கும், அப்சார்பரிலிருந்து எண்ணெய் கசிந்திருக்கும். மூன்றிலும் கெட்டது ரப்பர்தான். வெயிலிலும் மழையிலும் ஆறேழு வருஷம் கிடந்தால் ரப்பர் இறுகும், பிறகு வெடிக்கும். ஸ்டீயரிங்குக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு தயக்கம் புகுந்துகொள்ளும். ஓட்டுகிறவர் அதை வண்டியின் மூப்பென்று எண்ணிவிடுகிறார். சியூ பூன் லே என்னும் வணிகரின் நிலமாயிருந்து அவர் பெயரைத் தாங்கி நிற்கும் இந்த வட்டாரத்தையும் சேர்த்து, ஜூரோங்கில் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் நிறைந்திருந்தன. அந்த ரப்பரின் குணத்தை அறிந்துகொள்ளவே எனக்குப் பத்து வருஷம் பிடித்தது. அறிந்த பின்பு ஒரு விஷயம் தெளிவாயிற்று: வண்டி நடுவழியில் கைவிடாமற் காப்பதும் வண்டியை இன்பமாய் வைத்திருப்பதும் ஒரே துண்டு ரப்பர்தான். தேய்ந்த புஷ் இன்று ரசனையைக் கெடுக்கிறது. நாளை டயரை ஒருபுறமாய்த் தின்கிறது. அப்போது பெட்ரோலும் கூடுதலாய்ச் செலவாகிறது. மூன்று ஆசைகளையும் எதிரெதிராய் நிறுத்தியவர்கள், புதுக் கார்க் கடையின் வெளிச்சத்தில் மட்டும் வண்டியைப் பார்த்தவர்கள். கீழே படுத்துப் பார்த்தவர்களுக்கு அவை மூன்றும் ஒரே கொடியில் காய்த்தவை.

ஆகவே நான் யோசனை சொல்லும்போது, இரண்டு வண்டிகள் சரிசமமாய் நின்றால், எதன் புஷ்ஷும் அப்சார்பரும் மலிவாகவும் உடனேயும் கிடைக்குமோ அதையே கைகாட்டுவேன். காதையும் நம்புவேன். அகநானூற்றின் நாலாம் பாட்டில், பூவில் தாதுண்ணும் வண்டுகள் மிரளுமே என்று தேர்மணியின் நாவைக் கட்டிவிட்டு வருகிற ஒரு தலைவனைக் குறுங்குடி மருதனார் படைத்திருக்கிறார். பள்ளியில் அதைப் படித்தபோது காதலாகத் தெரிந்தது; பட்டறைக்கு வந்த பிறகு, வண்டியின் ஒவ்வொரு ஓசையும் எங்கிருந்து பிறக்கிறது என்று அறிந்தவனின் சாமர்த்தியமாகவும் தெரிகிறது.

மின்சாரக் காரைப் பற்றியும் கேட்கிறார்கள். 2024-இல் இங்கே புதிதாய்ப் பதிவான கார்களில் மூன்றில் ஒன்று மின்சாரக் கார். அவற்றை நான் பத்து வருஷம் பார்த்து முடிக்கவில்லை. பார்த்த மட்டில், எடை அதிகமானதால் டயரும் புஷ்ஷும் சீக்கிரம் தேய்கின்றன, மற்றபடி தொல்லை சொற்பம்.

என் சொந்த வண்டி 2009-இல் பதிவான சுசூகி சுவிஃப்ட். 1,500 சிசி, கையால் மாற்றும் ஐந்து கியர், எடை ஒரு டன் அளவு. லிட்டருக்கு 14 கிலோமீட்டர் தருகிறது. 2019-இல் பத்து வருஷத்துக்கு நீட்டித்தேன். பத்து வருஷம் தாண்டியதால் வருஷாவருஷம் பரிசோதனை உண்டு, சாலை வரியும் வருஷந்தோறும் ஏறி இப்போது ஐம்பது சதவீதம் கூடுதல். புஷ்கள் இரண்டு முறையும் அப்சார்பர்கள் ஒரு முறையும் மாற்றியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் மனைவியுடன் தேக்கா சந்தைக்குப் போய் மீனும் கீரையும் வாங்கித் திரும்பும்போது, மூன்றாவது கியரிலிருந்து நாலாவதுக்கு அது வழுகி விழுகிற விதம், 2009-இல் எப்படியிருந்ததோ அப்படியே இருக்கிறது.

கார் வாங்கப் போகும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். விற்பவர் காட்டும் பாதையில் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் வீட்டு வாசலிலிருந்து, நீங்கள் நாள்தோறும் புறப்படும் அதே நேரத்தில், வீட்டில் இருப்பவர்களையும் ஏற்றிக்கொண்டு, ரேடியோவை அணைத்துவிட்டு, வேலைக்குப் போகிற வழி முழுவதும் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். அதற்கு இணங்காதவரிடம் வாங்க வேண்டாம்.