தோட்டத்துக் கெபி

எங்கள் வீட்டுத் தோட்டத்தில், கிணற்றடியை ஒட்டி, ஒரு சிறிய லூர்து கெபி உண்டு. 1974-ஆம் ஆண்டில் என் தந்தையார் கொத்தனார் ஒருவரைக் கொண்டு கட்டியது. உள்ளே மூன்றடி உயரச் சிமெண்டுச் சுரூபம். ஆண்டுதோறும் பிப்ரவரி 11-ஆம் நாள் திருநாளுக்கு முன் தந்தையாரே அதற்கு வர்ணம் பூசுவார். அவர் மறைந்தபின் அப்பணியை ஏற்பாரில்லை. எங்களுடையது கடலோரச் சிற்றூர். பத்தாண்டு உப்புக்காற்றிலும் மழையிலும் சுரூபம் பாசி படர்ந்து, முழங்கையில் வெடித்து நின்றது.

"இதை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கி வைப்போம்" என்றார் அண்ணன். அம்மா மறுமொழி கூறவில்லை. அன்றிரவு கெபியருகே தனியே அமர்ந்து செபமாலை சொன்னார். அதைக் கண்டபின், பழுதுபார்க்கும் வேலையை நானே ஏற்றேன்.

ஆர்வம் இருந்தது, அறிவு இல்லை. மழை விட்ட மறுநாளே பாசியைத் துடைத்து எனாமல் பூசினேன். சில நாள் பளபளத்தது. இரண்டு மாதங்களில் கொப்புளம் கொப்புளமாய் எழும்பி உரிந்தது. ஊரிலிருந்த முதிய வர்ணக்காரர் வந்து பார்த்தார். "ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டீர்களே, தம்பி" என்றார். விரல் மடக்கி முழங்கையைத் தட்டினார், பொள்ளென ஒலித்தது. கடற்காற்றின் உப்பு சிமெண்டின் நுண்துளைகள் வழியே உட்புகுந்து கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது; துரு பெருத்துச் சிமெண்டைப் பிளக்கிறது. மேலே எத்தனை முறை பூசினாலும் அது நிற்காது என்று விளக்கினார்.

ஏப்ரல் வெயிலில் மீண்டும் தொடங்கினோம். பழைய வர்ணங்களில் ஈயம் இருக்கக்கூடுமாதலால், குழந்தைகளை அப்பால் அனுப்பி, தூசு பறவாதபடி நீர் நனைத்தே உப்புத்தாளால் தேய்த்தோம். வெடித்த பகுதியைக் கொத்தி, கம்பியின் துருவை நீக்கித் தடுப்புப்பூச்சு கொடுத்து, புதுக்கலவை வைத்தோம். ஏழு நாள் நீர் தெளித்து, மொத்தம் 28 நாள் பொறுத்திருந்தோம்.

தேய்க்கத் தேய்க்க ஒரு வியப்பு. 1858-இல் பெர்னதெத் தாம் கண்ட அன்னையின் பாதங்களில் மஞ்சள் ரோஜாக்கள் இருந்ததாகச் சொன்னார். எங்கள் சுரூபத்தில் அவை இல்லையென்றே இத்தனை காலமும் எண்ணியிருந்தேன். அந்தக் கொத்தனார் மறக்கவில்லை. அப்பா அன்போடு பூசிய வெள்ளைப் பூச்சுகளே அவற்றை மூடியிருந்தன!

குவிந்த கரங்களில் ஒரு விரல் மட்டும் தடித்திருந்தது. சிறுவயதில் மாங்காய்க்கு எறிந்த கல்லால் அண்ணன் உடைத்த விரல் அது. அப்பா கடிந்துகொள்ளாமல் தம் கையாலேயே ஒட்டினார். "இதைச் சீராகத் தேய்த்துவிடட்டுமா?" என்றார் வர்ணக்காரர். வேண்டாமென்றேன். பின்னர், ஈரம் வெளியேற வழிவிடும் வெளிச்சுவர்ப் பூச்சை மெல்லியதாக இருமுறை பூசினோம்.

மாதா வணக்க மாதத்தின் கடைசி நாள். பார்வை மங்கிய அம்மா சுரூபத்தைத் தடவிப் பார்த்தார். தடித்த விரலில் கை நின்றது. "இது அப்பா வைத்த விரல்தானே?" என்றார். அருகில் நின்ற அண்ணன் தலைகுனிந்தார். சற்று நேரம் கழித்து, "அடுத்த ஆண்டு நானும் வருகிறேன், தம்பி" என்றார்.

குடும்பங்களிலும் உள்ளிருக்கும் துருவை நீக்காமல் மேலே வர்ணம் பூசுவோர் நம்மில் பலர். நானும் அப்படியிருந்தவன்தான். முதலில் சுரண்ட வேண்டும், பிறகு பொறுத்திருக்க வேண்டும், வர்ணம் கடைசியில்தான்.