கோணலைக் கோணலாகவே வரைதல்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பேட்டர்ன் மாஸ்டர் அட்டையில் போடும் கோடு அரை சென்டிமீட்டர் பிசகினால் வெட்டுகிற அத்தனை துண்டும் பிசகும். அந்தக் கோடுகளைப் பார்த்தே வளர்ந்தவன் நான். தரங்கம்பாடியில் பழைய வீட்டை அளந்து வரைகிறவர்களோ, கோடு நேராக வந்துவிட்டால்தான் சந்தேகப்படுகிறார்கள்.

1620இல் டேனிஷ்காரர்கள் வந்து டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டிய ஊர் இது. 1845இல் பிரிட்டிஷாருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு மரபுக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பின் புதுச்சேரிப் பிரிவு இங்கே சில பழைய வீடுகளைச் சீர்செய்தது. அப்படிப்பட்ட வேலை எதுவும் கொத்துக்கரண்டியிலிருந்து தொடங்குவதில்லை, அளவு டேப்பிலிருந்துதான் தொடங்குகிறது.

நான் போனபோது திண்ணையும் மரத்தூணும் முற்றமும் உள்ள ஓட்டு வீடொன்றைக் கட்டடக்கலை மாணவர்கள் அளந்துகொண்டிருந்தார்கள். சுவரைத் துண்டு துண்டாக அளந்து கூட்டுவதில்லை. கூட்டினால் சின்னப் பிழைகளும் சேர்ந்துகொள்ளும். ஒரு மூலையைச் சுழியாக வைத்து டேப்பை நீட்டிப் பிடித்து, கதவு தொடங்கும் இடம், முடியும் இடம், மாடம் எல்லாவற்றையும் அந்தச் சுழியிலிருந்தே படிக்கிறார்கள். பிறகு மூலைக்கு மூலை குறுக்களவு. எதிரெதிர்ச் சுவர்கள் சமமாக இருந்து, இரண்டு குறுக்களவும் ஒத்துவந்தால் அறை சரியான செவ்வகம். இங்கே ஒத்துவரவில்லை. தண்ணீர் நிரப்பிய மட்டக்குழாயைப் பிடித்துத் தரையின் ஏற்ற இறக்கம் பார்த்தார்கள். தூக்குக்குண்டு தொங்கவிட்டதும் சுவரின் சாய்வு தெரிந்தது.

"ரெண்டு அங்குலந்தானே, நேராவே போட்டுடலாமாக்கா?" என்றான் ஒரு பையன். குழுவை நடத்திய பெண் பதில் சொல்லுமுன் பக்கத்திலிருந்த வயதான கொத்தனார் முந்திக்கொண்டார். "கட்டும்போது சாயல தம்பி. உத்தரம் இத்துப்போச்சு. ஓட்டுப் பாரம் செவத்த வெளியே தள்ளுது." அந்த இரண்டு அங்குலத்தை மறைத்து வரைந்தால், வீட்டின் நோய் தாளிலிருந்து காணாமல் போகும், அந்தத் தாளை நம்பிச் செய்யும் பழுதுவேலையும் வீணாகும்.

சுவரடியில் யாரோ சிமென்ட் பூசியிருந்தார்கள். கடற்கரை மண்ணின் உப்பு ஈரத்தோடு சுவரில் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமென்ட் அடைத்துக்கொள்ளும், உப்பு உள்ளேயே படிகமாகிச் செங்கல்லைப் பொடியாக்கும். மாணவர்கள் அந்தப் பகுதியைத் தாளில் சாய்கோடிட்டுக் குறித்தார்கள். ஆனால் கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் சுண்ணாம்பு எத்தனை நாள் புளிக்க வேண்டும், எந்தப் பதத்தில் இழுத்துப் பூச வேண்டும் என்று கொத்தனார் சொன்னதற்குத் தாளில் இடமே இல்லை. எனக்கு அது பெரிய குறையாகவே பட்டது. அளவெடுத்த மாணவர் பெயர் வரைபடத்தின் மூலையில் ஏறுகிறது. கொத்தனாரின் பெயரும் அவர் சொன்ன பக்குவமும் ஏன் ஏறக் கூடாது?

எங்கள் திருப்பூர்ப் பக்கத்தில் ஓட்டு வீடுகள் இடிந்து குடோனாகின்றன. இடித்தே தீர வேண்டிய நெருக்கடி பலருக்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஜே.சி.பி. வருவதற்கு முன், வீட்டை அளந்து வரைய ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். டேப்பும் நூலும் கட்டம் போட்ட நோட்டும் போதும். குறுக்களவை மறக்காதீர்கள். ஊரில் பழைய கொத்தனார் யாராவது இருந்தால் அவரையும் கூட அழைத்து வாருங்கள்.