எட்டு மதிப்பெண் கட்டுரை

கம்பம் பள்ளத்தாக்கில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குத் தமிழ் எடுக்கிறேன். 'நான் ரசித்த இயற்கைக் காட்சி' என்று தலைப்பு கொடுத்தால், நாற்பது பேரில் முப்பது பேர் ஊட்டிக்குப் போய்விடுவார்கள். ஜன்னல் வழியே மேகமலை தெரியும். சைக்கிள் மிதித்தால் சுருளி அருவி. திராட்சைப் பந்தல் ஓரமாகவே நடந்து பள்ளிக்கு வருகிற பிள்ளைகள். ஆனாலும் பேப்பரில் ஊட்டிதான். ஏன்னா நோட்ஸ்ல ஊட்டிதான் இருக்கு.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் பொதுக்கட்டுரைக்கு 8 மதிப்பெண். முன்னுரையில் தொடங்கி முடிவுரை வரைக்கும் குறிப்புகளை வினாத்தாளே கொடுத்துவிடும். உட்தலைப்புகள், நடுவில் ஒரு குறள், கடைசியில் 'காப்போம்', 'வளர்ப்போம்', 'உயர்வோம்'. இதை மனப்பாடம் செய்கிற பிள்ளையை நான் குறை சொல்ல மாட்டேன். கடைசி பெஞ்சுப் பையன் ஒருவனுக்கு அந்த 8 மதிப்பெண்தான் பாஸ்.

அதனால் வாரத்தில் ஒரு பாடவேளையை மட்டும் மதிப்பெண் இல்லாத கட்டுரைக்கு ஒதுக்கிவைத்தேன். விதிகள் மூன்று. எந்த வாக்கியமும் 'போம்', 'வோம்' என்று முடியக்கூடாது. எழுதுகிற தகவலுக்குப் பக்கத்தில், ஓரத்தில், 'எப்படித் தெரியும்?' என்று தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். ஓரிடத்திலாவது 'ஆனால்' போட்டு, அதுவரை சொன்னதற்கு எதிரான ஒரு விஷயத்தை எழுத வேண்டும்.

இரண்டாவது விதி சீக்கிரமே வில்லங்கமானது. இங்கே பென்னிகுவிக் சாமி மாதிரி. 1895-இல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்த பொறியாளர். வீடுகளில் படம் மாட்டியிருப்பார்கள். அவர் பிறந்தநாளான ஜனவரி 15-இல் பொங்கல் வைப்பார்கள். 'சொந்தச் சொத்தை விற்று அணை கட்டினார்' என்று வகுப்பே எழுதியிருந்தது. எப்படித் தெரியும்? பாட்டி சொன்னாங்க. ஃபிளெக்ஸ்ல போட்டிருந்துச்சு. மாமா வாட்ஸப்புல அனுப்புனாரு. ஒரு பையன் வீட்டில் போய் விசாரிக்க, "சோறு போட்ட மனுசனையே சந்தேகப்படுறியாடா"ன்னு அப்பத்தா விரட்டியிருக்கு. அவன் அதையும் சேர்த்து எழுதினான். அணை மதராஸ் அரசாங்கத்தின் திட்டம். சொத்தை விற்றதற்குத் தேடிப் பார்த்தேன், சான்று கிடைக்கவில்லை. ஆனால் அப்பத்தா கும்பிடுவது வயலுக்குத் தண்ணீர் வருவதற்காக. தண்ணீர் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

மூன்றாவது விதிக்கு யானை வந்தது. 2023 மே 27-இல் அரிக்கொம்பன் கம்பம் டவுனுக்குள் நுழைந்தது. சின்னக்கானல் பக்கம் கடைகளையும் வீடுகளையும் உடைத்து அரிசி தின்றதால் வந்த பெயர். கேரள வனத்துறை அதைப் பிடித்துப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட, அது மலையிறங்கி இங்கே வந்துவிட்டது. 144 தடை போட்டார்கள். காயம்பட்ட ஒருவர் இறந்துபோனார். ஜூன் 5-இல் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, லாரியில் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனார்கள்.

பள்ளி திறந்ததும் அதையே தலைப்பாகக் கொடுத்தேன். பாதிப் பேர் யானை பாவம் என்றார்கள். பாதிப் பேர் பிடித்தது சரி என்றார்கள். ஒரு மாணவியின் தாளில் மட்டும் நான்கு 'ஆனால்' இருந்தது. அவள் அம்மா தினமும் விடிவதற்கு முன்னால் ஜீப்பில் மலையேறிக் கேரளத்து ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர். அவள் எழுதியதன் சுருக்கம் இது: யானைக்குப் பயந்து அம்மா சில நாள் வேலைக்குப் போகவில்லை. கூலி இல்லை. ஆனால் அந்த நாட்களில்தான் அம்மா பகலில் வீட்டில் இருந்தது, எனக்குச் சந்தோசமாக இருந்தது. ஆனால் அதே நேரத்தில் ஒருத்தர் செத்துப்போனார், நான் சந்தோசப்பட்டது சரியா? யானை இருந்த காட்டில்தான் தோட்டம் போட்டார்கள் என்கிறார்கள். ஆனால் அந்தத் தோட்டம் இல்லையென்றால் எனக்கு நோட்டு வாங்கக் காசு இல்லை. ஆனால் இதையெல்லாம் யானையிடம் யார் சொல்வது?

முடிவுரை இல்லை. எந்தப் பக்கமும் சாயவில்லை. ஆனால் தான் நிற்கிற இடம் எது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. சிந்திப்பது என்று நான் சொல்லிக்கொடுக்க நினைத்தது இதைத்தான்.

சிலப்பதிகாரத்தில் 'கட்டுரை காதை' என்றே ஒன்று உண்டு. மதுரையை எரித்த கண்ணகியின் பின்னால் மதுராபதித் தெய்வம் வந்து, நடந்ததற்குக் காரணம் சொல்லும். அந்தக் காரணத்தை நாம் ஏற்பதும் ஏற்காததும் வேறு. கொதித்துப்போய் நிற்கிற ஒருத்திக்கு 'ஏன்' என்று சொல்லப் பார்ப்பதற்குத்தான் அங்கே கட்டுரை என்று பேர். அதைக் கேட்டபின் அவள் வைகைக் கரையோடு மேற்கே நடந்து மலையேறுவாள். கூடலூருக்கு மேலே இருக்கிற மங்கலதேவி மலைதான் அது என்று எங்க ஊர்க்காரர்கள் நம்புகிறார்கள். சித்ரா பௌர்ணமிக்குக் கூட்டம் கூட்டமாகப் போவார்கள். இதை வகுப்பில் சொன்னபோது பிள்ளைகளுக்கு முதல்முறையாக 'கட்டுரை' என்ற சொல் வினாத்தாளுக்கு வெளியேயும் இருப்பது தெரிந்தது.

பத்தாம் வகுப்புக்கு வந்ததும் அந்த மாணவி கேட்டாள். "டீச்சர், பப்ளிக்ல இப்படி எழுதலாமா? மார்க் போடுவாங்களா?"

உட்தலைப்பு போடு, குறிப்பில் இருப்பதை ஒன்றுகூட விடாதே, முடிவுரை கட்டாயம் எழுது என்றேன். ஒவ்வொரு தலைப்புக்குக் கீழேயும் உனக்குத் தெரிந்த ஒரு உண்மையை வை. சிந்தித்து எழுதத் தெரிந்தவளுக்குத் தலைப்புப் போட ஒரு வாரம் போதும். தலைப்பு மட்டுமே தெரிந்த பிள்ளைக்கு மற்றதைக் கற்றுக்கொடுக்க எனக்கு ஒரு வருஷம் பத்துவதில்லை.

"அப்ப 'ஆனால்' போடலாமா டீச்சர்?"

"ஒண்ணு போடு" என்றேன்.