லூகா படோயரின் பத்து வருடக் காத்திருப்பு

கிரிக்கெட்டில் பன்னிரண்டாவது ஆட்டக்காரர் என்று ஒருவர் இருப்பார். தண்ணீர் பாட்டில் கொண்டு வருவார், பேட்ஸ்மேனுக்குக் கையுறை மாற்றிக் கொடுப்பார், யாருக்காவது அடிபட்டால் ஃபீல்டிங் செய்வார். பாவம், அதிகம் யாரும் அவரைத் திட்டுவதில்லை.

ஃபார்முலா ஒன் கார் பந்தயத்திலும் இப்படி ஒருவர் உண்டு. ரிசர்வ் டிரைவர் என்று பெயர். ஆனால் இவருக்கு அழைப்பு வந்தால் ஃபீல்டிங்கோடு முடியாது. அடிபட்டவரின் காரிலேயே உட்கார்ந்து, அவர் ஓட்டுகிற வேகத்திலேயே ஓட்ட வேண்டும். முடியாவிட்டால் உலகமே சிரிக்கும். அப்படி உலகம் சிரித்த ஒருவரின் கதைதான் இது.

இத்தாலிக்காரரான லூகா படோயர் 1992-ல் ஃபார்முலா 3000 சாம்பியன். ஃபார்முலா ஒன்னுக்குக் கீழே அப்போது இருந்த அடுத்த படி அதுதான். ஆக, திறமை இல்லாத ஆள் இல்லை. ஆனால் ஃபார்முலா ஒன்னில் அவருக்குக் கிடைத்ததெல்லாம் கடைசி வரிசை அணிகளின் கார்கள். 1998-லிருந்து ஃபெராரியின் டெஸ்ட் டிரைவர். 1999-ல் அந்த வேலையோடு மினார்டி என்ற சின்ன அணிக்காகப் பந்தயமும் ஓட்டினார்.

அந்த வருடம் ஜூலை 11 அன்று சில்வர்ஸ்டோனில் மைக்கேல் ஷூமாக்கரின் கால் உடைந்தது. ஃபெராரியில் ஒரு சீட் காலி. காரை நன்றாகத் தெரிந்த டெஸ்ட் டிரைவர் பக்கத்திலேயே இருக்கிறார். ஆனால் ஃபெராரி கூப்பிட்டது அவரை அல்ல, ஃபின்லாந்துக்காரர் மிகா சலோவை!

சலோ குறை வைக்கவில்லை. ஆறு பந்தயங்கள் ஓட்டினார். ஹாக்கன்ஹைமில் முதலிடத்தில் போய்க்கொண்டிருந்தவர், சாம்பியன் பட்டத்துக்குப் போட்டியிட்ட எடி இர்வைனுக்கு வழிவிட்டு இரண்டாவதாக வந்தார். மோன்ஸாவில் மூன்றாம் இடம்.

படோயருக்கு அந்த வருடம் இன்னொரு அடியும் காத்திருந்தது. செப்டம்பரில் நூர்பர்க்ரிங்கில் மழையும் வெயிலும் மாறி மாறி வர, பெரிய கார்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. படோயரின் மினார்டி நான்காவது இடத்தில்! 66 சுற்றுப் பந்தயத்தில் 13 சுற்றுகளே பாக்கி இருந்தபோது கியர்பாக்ஸ் போய்விட்டது. காரை விட்டு இறங்கியவர் அதன் மேல் சாய்ந்து அழுதார். அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

அந்த வருடத்தோடு பந்தய வாழ்க்கை நின்றது. டெஸ்ட் டிரைவர் வேலை மட்டும் தொடர்ந்தது. ஃபியோரானோ, முஜெல்லோ என்று யாரும் கைதட்டாத தடங்களில் வருடக்கணக்கில் டயரையும் எஞ்சினையும் சோதித்துக்கொண்டே இருந்தார். 2000 முதல் 2004 வரை ஷூமாக்கர் தொடர்ந்து ஐந்து பட்டங்கள் வென்ற கார்களில் இவருடைய உழைப்பும் இருக்கிறது.

சரி, 2009-க்கு வருவோம். ஜூலை 25 அன்று ஹங்கேரியில் தகுதிச் சுற்று. முன்னால் போன பாரிக்கெல்லோவின் காரிலிருந்து கழன்ற சுமார் 800 கிராம் ஸ்பிரிங் ஒன்று ஃபெலிப்பெ மஸ்ஸாவின் ஹெல்மெட்டில் மோதியது. மஸ்ஸா உயிர் பிழைத்ததே பெரிய விஷயம். அவருக்குப் பதிலாக ஷூமாக்கரே திரும்பி வருவதாக அறிவித்தார். அதற்கு முன் மோட்டார் சைக்கிளில் விழுந்து பட்ட கழுத்துக் காயம் இடம் கொடுக்காததால் ஆகஸ்ட் 11 அன்று விலகிக்கொண்டார். கடைசியில் அழைப்பு படோயருக்கு வந்தது. வயது 38. பந்தயம் ஓட்டிப் பத்து வருடம் ஆகியிருந்தது.

இதில் ஒரு கொடுமை உண்டு. செலவைக் குறைக்க, சீசன் நடக்கும்போது கார்களைச் சோதிப்பதற்கு அந்த 2009-ல்தான் தடை போட்டிருந்தார்கள். வழுக்கு டயர், புது வடிவ இறக்கை என்று விதிகளும் அந்த வருடம் தலைகீழாக மாறியிருந்தன. சோதித்துச் சோதித்தே வாழ்ந்த மனிதருக்கு, தன் காரைச் சோதித்துப் பார்க்கவே அனுமதி இல்லை!

வாலென்சியாவில் தகுதிச் சுற்றில் கடைசி, 20-வது இடம். 19-வதாக வந்தவரைவிடவே சுமார் ஒன்றரை விநாடி மெதுவு. பந்தயத்தில் 17-வது. அடுத்த வாரம் ஸ்பாவில் மறுபடியும் 20-வதாகக் கிளம்பி 14-வது, அதாவது ஓடி முடித்தவர்களில் கடைசி. அதே பந்தயத்தை அதே மாதிரிக் காரில் கிமி ரைக்கோனன் ஜெயித்தார். ஆங்கில ரசிகர்கள் அவர் பெயரை வைத்தே "லுக் ஹவ் பேட் யூ ஆர்" என்று கிண்டல் செய்தார்கள். இரண்டே பந்தயம், ஆளை மாற்றிவிட்டார்கள்.

சோதனைத் தடை மட்டும்தான் காரணமா? அப்படியும் சொல்லிவிட முடியாது. வாலென்சியாவில் 19-வதாக வந்தவர் 19 வயது அல்கெர்சுவாரி. அவரும் சீசன் நடுவில் சோதனை இல்லாமல் வந்தவர்தான். ஆனால் அவர் அந்த வருடம் முழுக்க வேறொரு பிரிவில் பந்தயம் ஓட்டிக்கொண்டிருந்தார். 2024-ல் ஜெத்தாவில், குடல்வால் வலியால் கார்லோஸ் சைன்ஸ் விலக, 18 வயது ஆலிவர் பேர்மன் ஒரே ஒரு பயிற்சியோடு ஃபெராரியில் ஏறி ஏழாவதாக வந்தார். அவரும் அதே வாரம் ஃபார்முலா 2-ல் முதலிடம் பிடித்த கையோடு வந்தவர். காரைச் சோதிப்பது ஒரு தொழில், பந்தயம் ஓட்டுவது வேறொரு தொழில். முதல் தொழிலைப் பத்து வருடம் செய்தவரிடம் இரண்டாவதை ஒரே நாளில் கேட்டார்கள்.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். ஸ்பாவில் சிறிய ஃபோர்ஸ் இந்தியா காரில் இரண்டாவதாக வந்த ஃபிசிகெல்லாவைத்தான் அடுத்து ஃபெராரி கொண்டு வந்தது. சீசன் முழுக்க ஓட்டிப் பழகிய கை. மிச்சம் இருந்த ஐந்து பந்தயங்களில் அவர் எடுத்த புள்ளிகள்? பூஜ்யம். அவரைப் பார்த்து யாரும் அப்படிச் சிரிக்கவில்லை.

50 பந்தயங்கள் ஓட்டி ஒரு புள்ளிகூட எடுக்காதவர் என்ற சாதனை படோயர் பெயரில் இருக்கிறது. 1993-ல் இமோலாவில் அவர் ஏழாவதாக வந்திருக்கிறார். அப்போது முதல் ஆறு பேருக்குத்தான் புள்ளி. இன்றைய விதிப்படி அந்த இடத்துக்கு ஆறு புள்ளிகள். பேர்மனுக்குக் கிடைத்ததும் அதே ஏழாவது இடம், அதே ஆறு புள்ளிகள்தான்.

பத்து வருட உழைப்பைக் கணக்கில் எழுத ஒரு பட்டியலும் இல்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை எழுத இருந்தது. ஒரு மனிதரை எதை வைத்து எடை போடுவது என்று நீங்களே சொல்லுங்கள்.